படிக்கப்படாத கோப்பு

பிழை காண்பது எமது தொழில். மாணவர் எழுதிக் கொணரும் கட்டுரைகளில் ஒற்றுப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் களைந்து களைந்து ஆண்டுகள் பல கழிந்தன. தாளைக் கையில் எடுத்த மாத்திரத்தில் குற்றம் எவ்விடத்து ஒளிந்திருக்கும் என்பது எமக்குப் புலனாகிவிடும் என்றதொரு செருக்கும் எம்பால் வளர்ந்திருந்தது. அச்செருக்கு ஒரு முற்பகற் பொழுதில் அடங்கிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ்ப் பகுதியிலே கணிப்பொறியின் பேச்சு ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். படித்து முடித்தபின் அவ்வினா எழாது என்றே நம்புகின்றோம்.

நம் ஆண்டு மலரின் பழந்தொகுதிகள் நூல்நிலையத்தில் அடுக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். தாள்கள் பழுத்து, விளிம்பு பொடிந்து, புரட்டுவோர் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும் நிலையை அடைந்துவிட்டன. அவற்றின் தமிழ்ப் பகுதிகளையேனும் ஒரு நூலாகத் தொகுத்து அச்சிட வேண்டுமென்று கல்லூரியார் கருதி, அப்பணியை எம்மிடம் ஒப்புவித்தனர். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அப்படங்களினின்று எழுத்துக்களை இயந்திரமே படித்துத் தருமாறு செய்வது எமது திட்டம். இவ்வாறு படிக்கும் மென்பொருளை எழுத்துணரி என்பர். யாம் கைக்கொண்டது டெசராக்ட் என்னும் எழுத்துணரி. 1985 முதல் 1994 வரை ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டு, 2005-இல் யாவரும் எடுத்தாளுமாறு பொதுவாக்கப்பட்ட கருவி அது.

ஆயின் ஓர் இடர்ப்பாடு. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ‘ணை’, ‘லை’, ‘னை’ முதலியன யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் அச்சிடப்பட்டன. ‘ணா’, ‘றா’, ‘னா’ என்பனவும் தனிக் கால் பெறாது சுழித்தே நின்றன. இக்காலத்து எழுத்துக்களையே பயின்ற கருவி அவற்றைக் கண்டு தடுமாறிற்று. நம் கணிப்பொறியியற் பிரிவின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தாமாகவே முன்வந்து, மூன்று திங்கள் உழைத்து, பழைய எழுத்துக்களை அக்கருவிக்குப் பயிற்றித் தரவுக் கோப்பு ஒன்றை ஆக்கித் தந்தார். அக்கோப்பின் ஒரு படி அவரிடத்தும், மற்றொரு படி ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் எமது கணக்குக்கு உரிய அடைவிலும் வைக்கப்பட்டன. எமது அறையிலிருந்தவாறே அக்கணிப்பொறியுள் நுழைந்து வேலை செய்வது எமது வழக்கம்.

இவ்விடத்துச் சிறிது விளக்கம் வேண்டும். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக் கணிப்பொறியின் உட்பகுதிக்கு உணர்த்தும் இடையாள் ஒருவன் உளன். அவனை ஷெல் என்பர். ஓடு என்பது அச்சொல்லின் பொருள். 1960-களில் அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி.யில் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டவராகிய லூயி பூசான் என்பார் இட்ட பெயர் அது. நம் ஆய்வுக்கூடத்து உபுண்டு லினக்ஸ் இயந்திரத்தில் இவ்வேலையைச் செய்வது பாஷ் என்னும் ஷெல். வேலைக்கு வந்தவுடன் வீட்டுக்காரர் எழுதி வைத்த குறிப்பைப் படித்து அதன்படி நடக்கும் பணியாளனைப் போல, நாம் கணக்கினுள் நுழையுந்தோறும் அது நமக்கெனக் குறித்த ஒரு கோப்பைத் தேடிப் படிக்கும். எக்கருவி எவ்விடத்தில் உள்ளது, எந்தத் தரவை எங்கே எடுப்பது என்னும் குறிப்புகள் அதில் இருக்கும். இவற்றைச் சூழல் மாறிகள் என்று வழங்குவர். எமது குறிப்புகள் புரொபைல் என்னும் கோப்பில் இருந்தன. இவ்வினக் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்கும் முன்னே ஒரு புள்ளி நிற்கும். புள்ளியை முதலாக உடைய கோப்புகளைச் சாதாரணப் பட்டியற் கட்டளை காட்டாது என்பதை வாசகர் நினைவில் இருத்துக. பழைய எழுத்துத் தரவு எங்கே உள்ளது என்று எழுத்துணரிக்குச் சொல்லும் வரி அந்தப் புரொபைல் கோப்பிலேதான் இருந்தது.

நிற்க. அச்சகத்தாரிடம் கைப்படியை ஒப்புவிக்க வேண்டிய நாளுக்கு முந்திய நாட் காலை. எஞ்சியவை நாற்பது பக்கங்கள். யாம் வழக்கம்போல் எமது அறையில் அமர்ந்து, கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்து, எழுத்துணரியை ஏவினோம். தமிழ்த் தரவைத் திறக்க இயலவில்லை என்று விடை வந்தது. மீண்டும் ஏவினோம், மீண்டும் அதே விடை. வெளியேறி நுழைந்தோம், பயனில்லை. நேற்று மாலை வரையில் பழுதின்றி ஓடிய கருவி இரவோடு இரவாக மாறியது யாங்ஙனம் என்று திகைத்தோம்.

திகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அதன் இடத்தை ஐயம் பற்றிக்கொண்டது. முன்னாள் மாலை ஆறு மணிக்கு அம்மாணவர் எமது அறைக்கு வந்து, எமது இருக்கையில் அமர்ந்து, எமது கணக்கிலேயே பன்னிரண்டு பக்கங்களின் வரிசையைத் திருத்திச் சென்றிருந்தார். நேற்று ஓடிற்று, இன்று ஓடவில்லை, இடையில் அமர்ந்தவர் அவர் ஒருவரே. இவ்வளவே எமது தருக்கம். யாம் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, அவருடைய வகுப்புத் தோழரும் உதவியாளர் இருவரும் கேட்டிருக்கவே, “தம்பி, நேற்று மாலை நம் கணக்கில் எதனைத் தொட்டீர்?” என்றோம்.

“பக்க வரிசையை மட்டுமே திருத்தினேன், ஐயா,” என்றார்.

“அங்ஙனமாயின் அது தானாகவோ கெட்டுப்போயிற்று?”

அவர் மறுமொழி கூறவில்லை. முகம் கன்றித் தலைகுனிந்து நின்றார். மூன்று திங்கள் ஊதியமின்றி உழைத்த ஒருவரிடத்து அவ்வாறு பேசுகின்றோமே என்னும் எண்ணம் அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை. அவருடைய மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாகவே கொண்டு அறைக்குத் திரும்பினோம்.

திரும்பியதும் புரொபைல் கோப்பைத் திறந்து எமது தொழிலைத் தொடங்கினோம். மேற்கோட் குறி திறந்த இடத்தில் மூடியிருக்கிறதா? இருந்தது. சமக் குறியின் இருமருங்கும் இடைவெளி விழுந்திருக்கிறதா? அவ்விடைவெளி ஒன்றே வரியைக் கெடுக்கப் போதும், ஆயின் விழவில்லை. அடைவின் பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா? மாறவில்லை. விண்டோஸ் இயந்திரத்தில் திருத்திய கோப்புகளின் வரி இறுதியில் கண்ணுக்குப் புலனாகாத குறியொன்று ஒட்டிக்கொண்டு வந்து ஷெல்லை மயக்குவதுண்டு; அதனையும் தேடினோம்; இல்லை. இலக்கணம் பிழையா என்று பாஷையே கேட்டோம். பிழை ஒன்றும் இல்லை என்றது. இவ்வாறு இரண்டு மணி நேரம் ஒரு சிறு கோப்பை எழுத்தெண்ணிப் படித்தோம். அதில் திருத்துவதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

பதினொரு மணியளவில் அம்மாணவர் வாயிலில் வந்து நின்றார். அழையாமலே வந்தார். “ஐயா, என் கணக்கில் ஏவிப் பார்த்தேன். ஓடுகிறது. தரவும் கருவியும் கெடவில்லை. தங்கள் கணக்கில் மட்டுமே ஏதோ தடை இருக்கிறது,” என்றார். பிறகு எமது இசைவு பெற்று, புரொபைல் கோப்பைக் கையாலேயே படிக்குமாறு ஷெல்லுக்குக் கட்டளையிட்டார். புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று, கோப்பின் பெயர், அவ்வளவே அக்கட்டளை. பின்னர் எழுத்துணரியை ஏவினார். அஃது ஒரு நொடியும் தயங்காது பழைய எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கிற்று.

எமக்கு உயிர் வந்தது. “போதும், தம்பி. ஒவ்வொரு முறையும் இப்படியே செய்துகொள்வோம். நாற்பது பக்கமும் இன்றைக்கு முடிந்துவிடும்,” என்றோம்.

“வேலை முடியும், ஐயா. ஆனால் ஏன் கெட்டது என்று தெரியாமல் போக எனக்கு மனமில்லை,” என்றார் அவர்.

அச்சொல் எம்மைச் சுட்டது. எமக்கு வேண்டியது நாற்பது பக்கம். அவருக்கு வேண்டியது தம் பெயர். காரணம் விளங்காத வரையில், காலையில் பலர் கேட்க யாம் சொன்ன சொல் அவர்மேலேயே நிற்குமன்றோ? எழுந்து எமது இருக்கையை அவருக்குத் தந்து, அருகில் ஒரு முக்காலியில் அமர்ந்தோம்.

அவர் கேட்ட முதல் வினா எம்மை நாணச் செய்தது. “கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்த்தீர்கள், ஐயா. கோப்பு படிக்கப்படுகிறதா என்று பார்த்தோமா?” கடிதத்தில் எழுத்துப்பிழை தேடி இரண்டு மணி நேரம் கழித்தோம், கடிதம் பிரிக்கப்பட்டதா என்று வினவவில்லை. அவர் புரொபைல் கோப்பின் தலைப்பில், ‘வந்தேன்’ என்னும் சொல்லைத் திரையில் காட்டுமாறு ஒரு வரி சேர்த்தார். திறந்திருந்த சாளரத்தை மூடாமலே, மற்றொரு சாளரம் திறந்து புதிதாக உள்நுழைந்தார். ‘வந்தேன்’ என்ற சொல் வரவில்லை. ஆகவே பாஷ் அக்கோப்பின் முதல் வரியையும் தொடவில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

அடுத்து, ஷெல் எவ்வாயிலின் வழி வந்தது என்று அறிய வேண்டும் என்றார். உள்நுழைவாயிலின் வழி வரும் ஷெல் ஒருவகை. முன்னரே நுழைந்தவர் திரையில் புதிய முனையம் ஒன்றைத் திறக்கும்போது வருவது பெரும்பாலும் மற்றொரு வகை. முன்னது புரொபைல் இனத்துக் கோப்புகளைத் தேடும்; பின்னது பாஷ்-ஆர்-சி என்னும் வேறொரு கோப்பைப் படிக்கும். ஒன்றில் எழுதிவிட்டு மற்றொன்றில் பயனை எதிர்பார்ப்பார் பலர் ஏமாறுவது இதனால். அவர் ஷெல்லின் பெயரை வினவினார். பெயரின் முன்னே ஒரு சிறுகோடு நின்றது. அச்சிறுகோடே உள்நுழைவாயிலின் வழி வந்தமைக்கு அடையாளமாம். எனவே வந்த வழி சரி, படிக்க வேண்டிய கோப்பும் இருக்கிறது, இருந்தும் படிக்கவில்லை.

பின்னர் அவர் புள்ளியிட்ட கோப்புகளையும் சேர்த்துக் காட்டுமாறு அடைவின் முழுப்பட்டியலைக் கேட்டார். யாம் அதுகாறும் புரொபைல் ஒன்றையே பெயர் சொல்லித் திறந்தோமேயன்றி, அதன் அண்டை வீட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்ததில்லை. பட்டியலில் பாஷ்-புரொபைல் என்று ஒரு கோப்பு இருந்தது. அவர் அதன் மேல் விரல் வைத்து, “இது எப்போது வந்தது, ஐயா?” என்றார். பட்டியலிலேயே நாளும் நேரமும் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னாள் பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம்.

அவர் எமது அறைக்கு வந்தது மாலை ஆறு மணிக்கு. நான்கு மணிக்கு அவ்விருக்கையில் இருந்தவர் யாமே.

கோப்பைத் திறந்தோம். ஒரே ஒரு வரி. கண்டவுடன் எல்லாம் நினைவுக்கு வந்தன. படங்களை ஒழுங்குபடுத்தும் சிறு கருவி ஒன்றை அன்று பிற்பகல் நிறுவினோம். அதனோடு வந்த குறிப்பு, ஒரு வரியைப் பாஷ்-புரொபைல் கோப்பின் இறுதியில் சேர்க்குமாறு கூறிற்று. அதற்குரிய கட்டளையையும் தந்திருந்தது. யாம் அதனை அப்படியே தட்டினோம். கோப்பின் இறுதியில் சேர்க்கும் அவ்விரட்டைக் கோணக் குறிக்கு ஓர் இயல்பு உண்டு. கோப்பு இருந்தால் அதன் இறுதியில் சேர்க்கும். இல்லையேல், இல்லை என்று சொல்லாமல், புதிதாகவே ஒன்றை உண்டாக்கி அதில் எழுதிவிடும். எமக்கு அப்பெயரில் கோப்பு அதுவரை இருந்ததில்லை. யாம் அறியாமலே ஒன்றைப் படைத்தோம்.

ஒரு கோப்பு புதிதாகத் தோன்றினால் மற்றொன்று ஏன் மறைய வேண்டும்? இதற்குப் பழைய வரலாறு உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் என்பார் ஆக்கி, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல், உள்நுழையும்போது புரொபைல் கோப்பைப் படித்தது. அதனைப் பின்பற்றி, குனூ திட்டத்தின் பொருட்டுப் பிரையன் ஃபாக்ஸ் என்பார் ஆக்கி 1989-இல் வெளிவந்தது பாஷ். அது முதலில் யாவர்க்கும் பொதுவான அமைப்புக் கோப்பைப் படிக்கும். அதன்பின் பயனர் வீட்டில் மூன்று பெயர்களைத் தேடும்: முதலாவது பாஷ்-புரொபைல், இரண்டாவது பாஷ்-லாகின், மூன்றாவது பழைய புரொபைல். இம்மூன்றனுள் படிக்கத்தக்கதாய் எது முதலிற் கிடைக்கிறதோ அதனை மட்டும் படித்து, எஞ்சியவற்றைத் தொடாமல் விட்டுவிடும். எமது வீட்டில் மூன்றாவது மட்டுமே இருந்தவரையில் அது படிக்கப்பட்டது. முதலாவது தோன்றிய அக்கணமே மூன்றாவது உறங்கிவிட்டது. பிழையென்று ஒரு சொல்லும் திரையில் வராததற்கும் காரணம் இதுவே. ஷெல் தன் விதிப்படியே நடந்தது. அதன் கணக்கில் பிழை ஒன்றும் நிகழவில்லை.

முன்னாள் மாலையில் அம்மாணவர் அமர்ந்தபோது மட்டும் எல்லாம் ஓடியது எவ்வாறு? யாம் அன்று காலையில் உள்நுழைந்தபோதே குறிப்புகள் படிக்கப்பட்டுவிட்டன. அந்த அமர்வு மாலை வரை மூடப்படவில்லை. நான்கு மணிக்கு இட்ட வித்து மறுநாள் உள்நுழைவில்தான் முளைத்தது. வித்துக்கும் முளைக்கும் இடையே ஓர் இரவு கிடந்தது. அவ்விடைவெளியில் வந்து போனவர்மேல் பழியை ஏற்றினோம்.

இன்னும் ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. யாம் இரண்டு மணி நேரம் எழுத்தெண்ணிப் படித்த அப்புரொபைல் கோப்பின் தலையிலேயே, உபுண்டுவார் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. பாஷ்-புரொபைலோ பாஷ்-லாகினோ இருப்பின் பாஷ் இக்கோப்பைப் படிக்காது என்பதே அதன் கருத்து. விளக்கக் குறிப்புகள் ஹாஷ் குறியுடன் தொடங்கும். ஷெல் அவற்றைத் தாண்டிச் செல்லும். ஷெல்லைப் போலவே யாமும் தாண்டிச் சென்றிருந்தோம். ஷெல்லுக்கு எழுதியதை எல்லாம் படித்தோம். எமக்கு எழுதியதைப் படிக்கவில்லை.

திருத்தம் எளிது. பாஷ்-புரொபைலில் இருந்த ஒரு வரியைப் புரொபைலின் இறுதிக்கு மாற்றி, அப்புதிய கோப்பை நீக்கினோம். இரண்டும் இருந்தே ஆகவேண்டும் என்பார், பாஷ்-புரொபைலின் உள்ளே பழைய புரொபைலையும் படிக்குமாறு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ‘வந்தேன்’ என்னும் வரி இருக்கும்போதே மீண்டும் நுழைந்தோம். திரையில் ‘வந்தேன்’ என்று தோன்றியது. அச்சொல்லை அவ்வளவு மகிழ்ச்சியோடு யாம் முன் எப்பொழுதும் படித்ததில்லை. பிறகு அதனையும் நீக்கினோம்.

இத்தகைய இடர் எய்தும் மாணவ நண்பர்க்கு அன்று கற்ற முறையைச் சுருக்கிச் சொல்வோம். முதலாவது, வேலை செய்துகொண்டிருக்கும் சாளரத்தை மூடாதீர். தொடக்கக் கோப்பில் செய்யும் பிழை சிலபோது உள்ளே நுழையவே விடாது. ஆதலின் சோதனையைப் புதிய சாளரத்திலே செய்க. இரண்டாவது, எந்த ஷெல் ஓடுகிறது, எவ்வாயிலின் வழி வந்தது என்று அறிக. ஆப்பிள் கணிப்பொறிகளில் 2019-இல் வெளிவந்த கேட்டலினா பதிப்பு முதல் புதிய கணக்குகளுக்கு உரியது இசட்-ஷெல். அது பாஷ்-புரொபைலைத் திரும்பியும் பாராது. தனக்குரிய இசட்-புரொபைலையும் இசட்-ஷெல்-ஆர்-சியையுமே படிக்கும். கிரான் என்னும் காலக் கருவி தானாக ஏவும் பணிகளோ இக்கோப்புகளில் ஒன்றையும் படியா. மூன்றாவது, கோப்பு படிக்கப்படுகிறதா என்பதை ஒரு சொல் எழுதிச் சோதிக்க. நான்காவது, புள்ளியிட்ட கோப்புகள் அனைத்தையும் நாளும் நேரமும் விளங்கப் பட்டியலிட்டுக் காண்க. இவ்வளவும் முடிந்த பின்னரே கோப்பினுள் எழுத்துப்பிழை தேடப் புகுக. யாம் கடைசிப் படியை முதற்படியாகக் கொண்டோம். அதனினும் முன்னதாக ஒருவரைக் குற்றவாளியாகக் கொண்டோம்.

அன்று நண்பகல் உணவுக்கு முன்பே யாம் மீண்டும் ஆய்வுக்கூடம் சென்றோம். காலையில் கேட்டிருந்தவர் எல்லோரும் அங்கே இருந்தனர். “காலையில் இவர்மேல் பழி கூறினோம். தவறு நம்முடையது, நேற்று நான்கு மணிக்கு நாமே செய்தது. இவர் அதனைக் கண்டுபிடித்துத் தந்தார். மன்னிக்க வேண்டும், தம்பி,” என்றோம். பலர் முன்னே சொன்ன பழியைத் தனியறையில் திரும்பப் பெறுதல் முறையாகாது என்று எமக்குப் பட்டது. அவர், “பரவாயில்லை, ஐயா. அந்தக் கோப்பு இருக்கும் என்று எனக்கும் முதலில் தோன்றவில்லை,” என்று கூறிவிட்டு, நாற்பது பக்கங்களில் பாதியைத் தாம் எடுத்துக்கொண்டார். இருவரும் பகிர்ந்து செய்ததால் விளக்கேற்றும் பொழுதுக்குள் வேலை முடிந்தது. கைப்படி மறுநாள் உரிய நேரத்தில் அச்சகம் சேர்ந்தது.

இப்பொழுதும் மாணவர் கட்டுரைகளைத் திருத்துகின்றோம். சிவப்பு மை தொட்டுப் பிழையைச் சுழிக்குமுன் ஒரு கணம் நின்று, யாம் வகுப்பிற் சொன்னது இவரைச் சென்று சேர்ந்ததா, அன்றி நடுவே வேறொன்று நின்று தடுத்ததா என்று எம்மையே கேட்டுக்கொள்கின்றோம். சில தாள்களில் பிழை மாணவருடையதாகவே இருக்கிறது. சிலவற்றிலோ, நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவ்விருக்கையில் இருந்தவர் யாமே என்பது தெரியவருகின்றது.